கன்ட்ரோல் ஆர்ம் மாற்றும் முன் டீச்சர் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தேய்ந்துபோன பாகத்தை மாற்றுவது ஒரு வேலை. காரின் குணத்தையே மாற்றுவது இன்னொரு வேலை. இந்த இரண்டையும் சேர்த்து ‘அப்கிரேடு’ என்று ஒரே பெயரில் சொல்லிக்கொள்கிறோம். அதனால் முதல் வேலை தள்ளிப்போகிறது, இரண்டாவது வேலை தேவையில்லாதவர்களுக்கும் நடக்கிறது. எனக்கு இதுதான் கவலை.

விஷயத்துக்கு வருகிறேன். நம்ம பழைய மாணவர்கள் குழுவில் ஒரு பையன் கேட்டிருந்தான். பையன் என்றா சொன்னேன், நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா! அவனிடம் 2010 மாடல் பி.எம்.டபிள்யூ. 320டி இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறதாம். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ‘டொக்’ என்று சத்தம் வருகிறதாம். மெக்கானிக் பார்த்துவிட்டு கன்ட்ரோல் ஆர்ம் புஷ் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். இவன் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? “எப்படியும் மாத்தணும் டீச்சர், அதனால எம் 3 காரோட ஆர்மையே வாங்கிப் போடலாம்னு மூணு மாசமா காசு சேத்துட்டு இருக்கேன்.” உடனே பத்துப் பேர் கைதட்டும் படம் போட்டுவிட்டார்கள்.

கண்ணு, நான் கைதட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

‘டீச்சருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்’ என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்துவிட்டு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் நான். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் லேத் பட்டறை நடத்தியவர். முப்பது வருஷம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரப் பேச்சே புஷ், பேரிங், ஷாஃப்ட்தான். என் மாணவர்களில் இரண்டு பேர் இப்போது கார் பட்டறை வைத்திருக்கிறார்கள். இதை எழுதும் முன் அவர்களிடமும் பேசினேன்.

முதலில் இந்தக் கன்ட்ரோல் ஆர்ம் என்றால் என்ன? காரின் உடலையும் சக்கரத்தையும் இணைக்கும் கை அது. ஒரு முனை வண்டியின் அடிச்சட்டத்தில் இருக்கும், மறுமுனை சக்கரம் பூட்டியிருக்கும் பாகத்தில் இருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகலாம், ஆனால் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இஷ்டத்துக்கு நகரக் கூடாது. அதைப் பிடித்து வைப்பதுதான் இந்தக் கையின் வேலை. சக்கரத்தின் பக்கம் பால் ஜாயின்ட் இருக்கும், நம் தோள்மூட்டு மாதிரி எல்லாத் திசையிலும் திரும்பும். அடிச்சட்டத்தின் பக்கம் ரப்பர் புஷ் இருக்கும்.

நம்மில் பலர் வைத்திருக்கும் சின்னக் கார்களில் ஒரு பக்கத்துக்கு ஒரு லோயர் ஆர்ம்தான். இந்த 3 சீரிஸில் ஒரு பக்கத்துக்கு இரண்டு. ஒன்று குறுக்காகப் போய்ச் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கிறது. இன்னொன்று சாய்வாகப் போய், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் ஓடாமல் பிடிக்கிறது. இந்த இரண்டாவது கையில் இருக்கும் புஷ் சாதாரண ரப்பர் இல்லை. உள்ளே திரவம் நிறைத்த புஷ்.

ஏன் திரவம்? வகுப்பில் செய்து காட்டியது நினைவிருக்கலாம். ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி மெதுவாக அமுக்கினால் சுலபமாக வெளியே வரும். படபடவென்று வேகமாக அமுக்கிப் பாருங்கள், கட்டைவிரல் வலிக்கும். அந்த புஷ்ஷிலும் இரண்டு அறைகள், நடுவில் ஒரு குறுகிய வழி. மெதுவான அசைவுக்குத் திரவம் வழிவிடும், வேகமான அதிர்வை அடக்கும். பிரேக் டிஸ்க்கில் இருக்கும் சிறிய ஏற்ற இறக்கம், சக்கரத்தில் கொஞ்சம் பேலன்ஸ் குறைவு, இதெல்லாம் உங்கள் கைக்கு வராமல் பார்த்துக்கொள்வது அதுதான். ரப்பர் வெடித்துத் திரவம் ஒழுகிவிட்டால் அந்த அடக்கம் போய்விடும். ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பிக்கும்.

என் வயதுக்காரர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்தால் என்ன ஆகிறதோ, அதுதான் அந்தக் காருக்கும் ஆகியிருக்கிறது.

இனி எம் 3 ஆர்ம் கதை. 2005இல் வந்த இந்தத் தலைமுறை 3 சீரிஸுக்கு இ 90 என்று பெயர். 2007 மார்ச்சில் செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை தொடங்கியபோது முதலில் அங்கே பூட்டப்பட்டதும் இந்தக் கார்தான். அதனால்தான் நம்ம ஊர் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இதை நிறையப் பார்க்கிறோம். இதே குடும்பத்தில் பந்தயக் குணத்தோடு வந்த அண்ணன்தான் எம் 3. அதன் முன் ஆர்ம்கள் சாதாரண 3 சீரிஸிலும் வெட்டு ஒட்டு இல்லாமல் பொருந்தும். உலகம் முழுக்க இந்தக் காரின் பிரியர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். பையன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அதனால் கிடைப்பது என்ன? இரண்டு விஷயம்.

ஒன்று, மென்மையான புஷ்ஷுக்குப் பதில் இறுக்கமான இணைப்பு. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் சக்கரம் தாமதம் இல்லாமல் கேட்கும்.

இரண்டு, குறுக்கே போகும் ஆர்ம் கொஞ்சம் நீளம். அது சக்கரத்தின் அடிப்பகுதியை வெளியே தள்ளுவதால், முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கும். இதற்கு நெகட்டிவ் கேம்பர் என்று பெயர். கூடுதலாகக் கிடைக்கும் சாய்வு ஒரு டிகிரியை ஒட்டித்தான். ஆனால் அந்த ஒரு டிகிரி வளைவில் பேசும். மைதானத்தில் வட்டமாக ஓடும்போது நீங்கள் உள்பக்கம் சாய்ந்துதானே ஓடினீர்கள்? கார் வேகமாக வளையும்போது உடல் வெளிப்பக்கம் சாயும், வெளிப்பக்க டயரும் கூடவே சாய்ந்து ஓரத்தில் நிற்கும். முன்கூட்டியே உள்பக்கம் சாய்த்து வைத்திருந்தால், அந்த நேரத்தில் டயர் முழுப் பாதமும் தரையில் பதியும். பிடிப்பு கூடும்.

நல்ல விஷயம்தானே, பிறகு ஏன் வேண்டாம் என்கிறாய் டீச்சர்?

எம் 3 என்பது 420 குதிரைத்திறன் கொண்ட வி 8 இன்ஜின் வண்டி. முன்னால் 245 மில்லிமீட்டர் அகல டயர், 18 அங்குல ரிம். அதற்கென்று ஸ்பிரிங், அதற்கென்று ஷாக் அப்சார்பர், அதற்கென்று ஸ்டெபிலைசர் பார். எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகக் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். நம்ம 320டியில் 184 குதிரைத்திறன், 16 அங்குல ரிம் என்றால் 205 மில்லிமீட்டர் டயர். ஒரு கூட்டத்தில் இருந்து ஒருவரை மட்டும் கூட்டிவந்து இன்னொரு கூட்டத்தில் நிற்க வைப்பது மாதிரி இது. நல்ல ஆள்தான், ஆனால் அவர் யாரோடு சேர்ந்து வேலை செய்யப் பழகினாரோ அவர்கள் இங்கே இல்லை.

எடைக் கணக்கும் பாருங்கள். ‘எம் 3 ஆர்ம் அலுமினியம், எடை குறையும்’ என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். இ 90இல் சாதாரண ஆர்மும் அலுமினியம்தான். அந்த லாபம் ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது.

அடுத்தது சாலை. ஸ்பீட் பிரேக்கர் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் எழுதி வைத்திருக்கிறது. 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கிலோமீட்டர் வேகத்தில் தூக்கிப்போடாமல் கடக்கலாம். நம்ம தெருவில் ராத்திரியோடு ராத்திரியாகப் போடுகிறார்களே, அது அந்தக் கணக்கிலா இருக்கிறது? கூரான திட்டு, பாதாளச் சாக்கடை மூடி, குழாய்க்குத் தோண்டி மூடாத குழி. இந்த அடியை முதலில் வாங்குவது புஷ்தான். புஷ்ஷை இறுக்கமாக்கினால் அடி காணாமல் போய்விடாது. அது அடுத்த இடத்துக்குப் போகும், அடிச்சட்டத்துக்கு, ஸ்டீயரிங்குக்கு, கடைசியில் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் உன் அம்மாவின் இடுப்புக்கு.

இன்னொன்று. இந்தக் கார் கம்பெனியில் இருந்து வரும்போது ரன் ஃபிளாட் டயரோடு வந்தது. காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடுவதற்காக அந்த டயரின் பக்கச் சுவர் கட்டியாக இருக்கும். ஏற்கெனவே கடினமான டயர், அதன் மேல் கடினமான ஆர்ம் என்றால் சவாரி எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

நெகட்டிவ் கேம்பர் வளைவில் தரும் லாபத்துக்கு நேர்ச்சாலையில் விலை கொடுக்க வேண்டும். டயரின் உள் ஓரம் சீக்கிரம் தேயும். வாரம் ஒரு முறை கோவையில் இருந்து சேலத்துக்கு நாற்கர சாலையில் போய் வருகிறவனுக்கு வளைவு எங்கே இருக்கிறது? எல்லாம் நேர்க்கோடு. உள் ஓரம் தேய்வது வெளியே நின்று பார்த்தால் தெரியவும் தெரியாது. கம்பி தெரிந்த பிறகுதான் தெரியும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘எம் 3 ஆர்மில் ஒழுகுவதற்குத் திரவம் இல்லை, அதனால் நீண்ட நாள் உழைக்கும்’ என்கிறார்கள். திரவம் ஒழுகும் தொல்லை இல்லை என்பது சரி. ஆனால் இறுக்கமான மூட்டுக்கும் ஆயுள் உண்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து நம்ம ஊர்ப் புழுதியும் மழைத்தண்ணீரும் உள்ளே போனால், அதுவும் ‘டொக் டொக்’ என்று பேச ஆரம்பிக்கும். பாலியூரித்தேன் புஷ் போடலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ரப்பர் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும், பாலியூரித்தேன் அவ்வளவு கொடுக்காது. பல திசையில் திரும்ப வேண்டிய இடத்தில் அதைப் போட்டால் கிறீச்சிடும், மூட்டையும் இறுக்கும். மலிவு என்ற ஒரே காரணத்துக்காக அதற்குப் போக வேண்டாம்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய கவலை அந்த ‘மூணு மாசமா’ என்ற வார்த்தைதான்.

அந்த ஆர்ம் தேய்ந்திருக்கிறது என்று மெக்கானிக் மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டார். புஷ் மட்டும் போயிருந்தால் நடுக்கம், சத்தம், டயர் தேய்வு, பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுப்பு. பால் ஜாயின்டும் தளர்ந்திருந்தால்? அது ஓடும்போது கழன்றுவிட்டால் சக்கரம் நிலைகுலைந்து மடங்கிவிடும். அதற்கு மேல் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் உன் பேச்சைக் கேட்காது. பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறாய். உயர்ந்த ஆர்ம் வாங்கக் காசு சேரும் வரை தேய்ந்த ஆர்மில் ஓட்டுகிறாய் என்றால், இதற்கு நான் அப்கிரேடு என்று பெயர் வைக்க மாட்டேன். காய்ச்சலோடு இருக்கும் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் காசு சேர்க்கிறேன் என்று மூன்று மாதம் மாத்திரை கொடுக்காமல் வைத்திருப்போமா?

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? என் பட்டறை மாணவர்கள் சொன்னதையும் சேர்த்து வரிசையாகச் சொல்கிறேன். கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும்.

முதலில், சரியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் நடுக்கத்துக்கு பிரேக் டிஸ்க் சீராக இல்லாததும் காரணமாக இருக்கும். டிஸ்க்கை விட்டுவிட்டு ஆர்மை மட்டும் மாற்றினால் நடுக்கம் திரும்பி வரும். அதிர்வை அடக்கும் புஷ்ஷை எடுத்துவிட்டு இறுக்கமான இணைப்பைப் போட்டு, டிஸ்க்கை அப்படியே விட்டால் முன்பைவிட அதிகமாகவே தெரியும்.

இரண்டாவது, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது இரண்டு சக்கரமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். என் உறவுக்காரர் ஒருவருக்கு ஒரு பட்டறையில் ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு ‘இது போதும்’ என்று அனுப்பிவிட்டார்கள். பட்டறை பெயர் வேண்டாம். அடுத்த மாதமே மறுபக்கமும் சத்தம், மறுபடி அலைன்மென்ட், இரண்டு முறை கூலி.

மூன்றாவது, தரமான பாகம் வாங்குங்கள். கார் கம்பெனிக்கே இந்த ஆர்ம்களைச் செய்து கொடுக்கும் லெம்ஃபோர்டர் மாதிரி நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கின்றன. கார் கம்பெனிப் பெட்டியில் வருவதைவிட விலை குறைவாகக் கிடைக்கும். போலிகளும் உலவுகின்றன, பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

நான்காவது, இதை மெக்கானிக்கிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “தம்பி, புஷ் போல்ட்டைக் கடைசியா முறுக்குறப்போ வண்டி எடை சக்கரத்து மேல இருக்குமா?” காரை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஈரத்துணியைப் பிழிந்து அப்படியே பிடித்திருப்பது மாதிரி. புது புஷ்ஷும் சீக்கிரமே கிழியும். கார் தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு, அதுவும் டார்க் ரெஞ்சில். தானாக இறுகும் வகை நட்டுகளைப் பழையதையே திரும்பப் போடாமல் புதிதாக வாங்குங்கள்.

ஐந்தாவது, வீல் அலைன்மென்ட். ஆர்ம் மாற்றினால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சான காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பரீட்சைத் தாளைத் திருப்பிக் கேட்பது மாணவனின் உரிமை!

இவ்வளவும் செய்து, சாதாரண ஆர்மையே புதிதாகப் போட்டால், அந்தக் கார் ஷோரூமில் இருந்து வந்த நாளில் எப்படி ஓடியதோ அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவன் அந்த நாளைப் பார்த்ததே இல்லை. தேய்ந்த புஷ்ஷோடு ஓட்டியே பழகியவனுக்கு எந்தப் புது ஆர்மும் அப்கிரேடு மாதிரித்தான் தெரியும். ‘எம் 3 ஆர்ம் போட்டேன், கார் வேற லெவல்’ என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் புதிய சாதாரண ஆர்மோடு ஓட்டிப் பார்த்தார்கள்? இரண்டையும் ஒப்பிடாமல் மதிப்பெண் போட முடியாதே. அதற்குப் பிறகும் காசு மிச்சம் இருந்தால் நல்ல டயரிலும் ஷாக் அப்சார்பரிலும் போடுங்கள். சாலையைத் தொடுவது டயர் மட்டும்தான்.

எம் 3 ஆர்ம் யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்ம கோயம்புத்தூர் பந்தயக் கார் ஊர். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராகக் களம் இறங்கிய நாராயண் கார்த்திகேயன் நம்ம ஊர்ப் பிள்ளை. அங்கேயோ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலோ பந்தயத் தடத்தில் முறையாக ஓட்டிப் பழகுகிறவன், டயரின் வெளி ஓரம் முதலில் தேய்வதைக் கண்ணால் பார்த்தவன், வீட்டில் சவாரிக்கு இன்னொரு வண்டி வைத்திருப்பவன் இதைத் தாராளமாகப் போடட்டும். அவனுக்கு அந்த ஒரு டிகிரி எதற்கு என்று தெரியும். போட்ட பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடட்டும், பின்னால் வாதாட வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான். ‘எது பெரிய பாகம்’ என்று தேடும் முன், ‘என் காருக்கு இப்போது என்ன குறை’ என்று கேளுங்கள். அந்தக் குறை தீர என்ன வேண்டுமோ அதை இந்த வாரமே செய்யுங்கள்.

ஸ்விஃப்ட், ஐ 10, வேகன் ஆர் வைத்திருக்கும் உறவுகளே, ‘இது பணக்காரக் கார் சமாச்சாரம்’ என்று தாண்டிப் போகாதீர்கள். உங்கள் லோயர் ஆர்மிலும் அதே புஷ், அதே பால் ஜாயின்ட். ஸ்பீட் பிரேக்கரில் சத்தம் கேட்டால், பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம். வண்டியைத் தூக்கிக் கடப்பாரை வைத்து நெம்பி ஆட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். பட்டறை வைத்திருக்கும் நம்ம பிள்ளைகள் பதில் சொல்வார்கள்.

எல்லோரும் சீட் பெல்ட் போட்டு நிதானமாக ஓட்டுங்கள்.

வாழ்க வளமுடன்.
அன்புடன், உங்கள் அறிவியல் டீச்சர்